மெதுவாக்காவின் தூக்குத்துணி

எங்கள் தெருவில் அவளை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. கூப்பிட்டாலும் அவளுக்குக் கேட்காது. சிறுமியாக இருந்தபோது வந்த மூளைக்காய்ச்சல் உயிரை விட்டுவிட்டுக் காதை மட்டும் எடுத்துக்கொண்டு போனது. அதற்குள் பேச்சு நன்றாகப் படிந்துவிட்டதால் பேச வரும். கொஞ்சம் தட்டையான, தேவைக்கு மேல் உரத்த குரல். எதிரில் நிற்பவரின் வாயைப் பார்த்தே அவர் சொல்வதைப் பிடித்துவிடுவாள். வேகமாகப் பேசினால் கையை உயர்த்தி, “கொஞ்சம் மெதுவா” என்பாள். அதைக் கேட்டுக் கேட்டுத் தெருவே அவளுக்கு மெதுவாக்கா என்று பெயர் வைத்துவிட்டது. வேலையில் அவள் வேகத்துக்கு யாராலும் ஈடு கொடுக்க முடியாது என்பது வேறு விஷயம்.

அவளும் கணவரும் சலவைக்கடை நடத்தினார்கள். என் தையல்கடைக்கும் அதற்கும் ஒரே சுவர். முன்னறையில் இரண்டு இஸ்திரி மேசைகள், மடித்த துணிகளை அடுக்கும் அலமாரி. நடுவில் ஒரு பலகைத் தடுப்பு. தடுப்புக்குப் பின்னால் அவர்கள் குடியிருந்த அறை. அதற்கும் பின்னால் தண்ணீர்த் தொட்டிகள், காயப்போடும் கொடிகள். வெயில் காலத்தில் அந்த முன்னறைக்குள் நுழைந்தால் அடுப்புக்குள் தலையை விட்டது போல இருக்கும்.

கணவர் நல்ல உழைப்பாளி. வாய் திறப்பது அபூர்வம். “பேசாத புருஷன் கெடைச்சது எனக்குத்தான் லாபம். இல்லாட்டி நாள் முழுக்க அவர் வாயையே பாத்துக்கிட்டு நிக்கணும். துணி யாரு துவைக்கிறது?” என்று சிரிப்பாள். எதிர்ப்பக்கம் பஸ்ஸுக்கு நிற்கிறவர்கள் என்ன பேசிக்கொள்கிறார்கள் என்பதை மேசையிலிருந்தபடியே படித்து எனக்கு ஒலிபரப்புவாள். யார் வீட்டு மாமியார் எப்படி, யார் யாரை ஏமாற்றினார் எல்லாம் வரும். குரலை அடக்கத் தெரியாதா, பேச்சுக்கு உரியவர்களே திரும்பிப் பார்ப்பார்கள். நான் சுவருக்கு இந்தப் பக்கம் வாயைப் பொத்திக்கொள்வேன்.

முதலில் ஒரு பெண் குழந்தை பிறந்தது. நான்கு மாதம் இருந்தது.

பள்ளிக்கூடங்கள் திறக்கிற சமயம் அது. சீருடைகள் மலையாகக் குவிந்து கிடந்தன. அன்று மதியம் குழந்தைக்குப் பால் கொடுத்து, தோளில் போட்டு ஏப்பம் விடவைத்து, தடுப்புக்குப் பின்னால் பாயில் படுக்க வைத்துவிட்டு வந்தாள். இரண்டு மேசையிலும் இருவரும் நின்று தேய்த்தார்கள். அழுதால் கேட்காது என்பதால் அவள் எப்போதும் பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டுப் போய்ப் போய்ப் பார்த்து வருவாள். அன்றும் ஒரு தடவை போய்ப் பார்த்தாள். தூங்கிக்கொண்டிருந்தது. அடுத்த தடவை போனபோது அவள் போட்ட கூச்சல், என் தையல் மெஷின் சத்தத்தையும் மீறிச் சுவரைத் தாண்டி வந்தது.

ஓடினேன். குழந்தையைக் கையில் ஏந்திக்கொண்டு நின்றாள். அதன் உதடு நீலமாக இருந்தது. முகத்தில் வலியோ பயமோ இல்லை, தூங்குகிற முகம்தான்.

ஆஸ்பத்திரியில் டாக்டர் முகக்கவசம் போட்டிருந்தார். நடைபாதையின் கோடியில் கணவரை நிறுத்தி ஏதோ நிறையச் சொன்னார். கவசத்துக்குப் பின்னாலிருந்த வாயை அவளால் படிக்க முடியவில்லை. கணவர் திரும்பி வந்ததும் அவர் சட்டையைப் பிடித்துக்கொண்டு, “என்ன சொன்னாரு? என்ன சொன்னாரு?” என்று கேட்டாள். அவர் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார். பிறகு, “போயிடுச்சுன்னு சொன்னாரு” என்றார். அவ்வளவுதான்.

துக்கம் கேட்க வந்தவர்கள் அவள் காதில் விழக்கூடாது என்று குசுகுசுவென்று பேசிக்கொண்டார்கள். நல்ல எண்ணம்தான். ஆனால் கத்தினாலும் குசுகுசுத்தாலும் அவளுக்கு ஒன்றுதான். மூலையில் உட்கார்ந்து ஒவ்வொரு வாயாகப் படித்துக்கொண்டிருந்தாள். “பாவம், காது கேட்டிருந்தா ஓடிப்போய்த் தூக்கியிருப்பா.” “அழுது அழுது அடங்கியிருக்கும்.” “இவளை நம்பி எப்படிப் பச்சைக் குழந்தையை விட்டாங்க?” கணவரின் அக்கா, அவளுக்கு அண்ணி, குசுகுசுக்கவும் இல்லை. குழந்தையின் துணிகளை மார்போடு அணைத்துக்கொண்டு வாய்விட்டே சொன்னார்: “கூப்பிட்டிருக்கும்டா. அந்தப் பிஞ்சு எத்தனை தடவை கூப்பிட்டிருக்கும்!”

அண்ணியைக் கெட்டவர் என்று சொல்லமாட்டேன். அவருக்குப் பிள்ளை இல்லை. அந்தக் குழந்தையைப் பார்க்க வாரம் தவறாமல் பஸ் மாறி வருவார். அன்று அங்கே இருந்தவர்களிலேயே அதிகம் அழுதவர் அவர்தான்.

மெதுவாக்காவும் அதை நம்பினாள். அதுதான் எனக்குத் தாங்கவில்லை. சில நாள் தொட்டியோரம் உட்கார்ந்து இரண்டு உள்ளங்கையாலும் தன் காதுகளை மாறி மாறி அறைந்துகொள்வாள். போய்க் கையைப் பிடித்தால், “இது எதுக்குக்கா எனக்கு? வெறும் தோடு மாட்டவா?” என்பாள். ஒலிபரப்பு நின்றுபோனது. வேலை மட்டும் நடந்தது.

மறுபடி அவள் உண்டானபோது இரண்டு வருஷம் ஓடியிருந்தது. செய்தி தெரிந்ததும் அண்ணி வந்து தம்பியிடம் தீர்மானமாகச் சொன்னார். “பொறந்ததும் என் வீட்டுக்கு வந்துடட்டும். நடக்கிற வயசு வரைக்கும் நான் பாத்துக்கறேன். அவளுக்கும் நிம்மதி.” கணவர் தலையை அசைத்தார். அது சரியென்றா, பார்க்கலாமென்றா என்று யாருக்கும் புரியவில்லை. அவருடைய தலையசைப்பே அப்படித்தான்.

அந்தச் சமயத்தில்தான் தெருக்கோடியில் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருக்கும் அம்மா ஒரு விநோதமான துணியைச் சலவைக்குப் போட்டார். நீளமான துணி. ஒரு முனையில் இரண்டு இரும்பு வளையங்கள் வைத்துத் தைத்திருந்தது. திரைச்சீலையா, என்ன கண்ராவி என்று மெதுவாக்கா என்னிடம் கொண்டுவந்து காட்டினாள். எனக்கும் தெரியவில்லை. வாங்க வந்த அம்மாவிடம் கேட்டோம். அவர் சிரித்துவிட்டு, துணியைத் தோளில் போட்டு, வளையத்துக்குள் நுழைத்து இழுத்து, தன் கைக்குழந்தையை அதற்குள் இறக்கினார். குழந்தை அவர் மார்போடு ஒட்டி உட்கார்ந்துகொண்டது. இரண்டு கையும் வீசிக்கொண்டு நடந்து காட்டினார். “ஸ்லிங்னு சொல்வாங்க. கடையில கணக்கு எழுதறப்பகூட இவன் என் மேலதான்.”

மெதுவாக்கா அந்தக் குழந்தையின் முதுகையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு, “அது மூச்சு விடறது உங்களுக்குத் தெரியுமா?” என்று கேட்டாள்.

“தெரியாம என்ன? இதோ, இங்க சுடச்சுடப் படுதே.”

தூக்கி நடக்கிற துணிதானே என்று மெதுவாக்கா அதற்குத் தூக்குத்துணி என்று பெயர் வைத்தாள். அண்ணி கேள்விப்பட்டு, “பேரைப் பாரு, தூக்காம் தூக்கு” என்று முகத்தைச் சுளித்தார்.

பையன் பிறந்தான். சின்ன உடம்பு. அண்ணி ஆஸ்பத்திரிக்கே வந்துவிட்டார். “தாய்ப்பால் குடிக்கிற வரைக்கும் இங்க இருக்கட்டும்” என்று மெதுவாக்கா கெஞ்சினதால் கொஞ்ச நாளைக்கு விட்டுப்போனார். அவள் சந்தைக்குப் போய் ஒரு தூக்குத்துணி வாங்கி வந்தாள். பனியன் துணியில் செய்தது. அட்டைப்பெட்டியின் மேல் ஒரு தாய் பல்லெல்லாம் தெரியச் சிரித்துக்கொண்டிருந்தாள். கன்னத்தில் வைத்துப் பார்த்தால் பூப்போல இருந்தது. பிள்ளைக்கு உறுத்தாது என்று அதையே எடுத்தாள். இடுப்பைச் சுற்றி, தோளைச் சுற்றிக் கட்டிக்கொண்டு அவனை உள்ளே வைத்தபோது, கிட்டத்தட்ட மூன்று வருஷத்துக்குப் பிறகு அவள் முகத்தில் ஒரு வெளிச்சத்தைப் பார்த்தேன். “மூச்சு படுதுக்கா” என்றாள். ஏதோ கேட்கவே தொடங்கிவிட்டது போல.

ஒரு காலை அவள் பின்கட்டில் குனிந்து துணி அலசிக்கொண்டிருந்தாள். நான் ஒரு சட்டையிலிருந்து கழன்றுபோன பட்டனைக் கேட்டுப் போயிருந்தேன். அண்ணியும் அப்போதுதான் வந்து தடுப்புக்கு அருகில் பையை வைத்தார். பனியன் துணியின் சுபாவம் இழுத்தால் கொடுப்பது. பிள்ளையின் பாரமும் வேர்வையும் தொட்டித் தண்ணீரும் சேர்ந்து அது கொஞ்சம் கொஞ்சமாக இறங்கியிருக்கிறது. மார்பில் இருந்தவன் வயிற்றுக்கு வந்துவிட்டான். உள்ளே உடம்பு சுருண்டு, மோவாய் நெஞ்சில் மடங்கிக் கிடந்தது. குனிந்தவளுக்கு அவன் முகம் தெரியவில்லை.

திடீரென்று அவள் கை நின்றது. நிமிர்ந்தாள். தன் நெஞ்சைத் தடவிப் பார்த்தாள். அந்தச் சூடு அங்கே இல்லை. துணியைப் பிய்த்து அவனை வெளியே இழுத்தாள். உதட்டைச் சுற்றி ஒரு மங்கல். தலையை நிமிர்த்தி முதுகைத் தேய்த்தாள். அவன் ஒரு தரம் விக்கினான், பிறகு வீரிட்டான். அவளுக்கு அந்தச் சத்தம் கேட்காது. திறந்த வாயைப் பார்த்துவிட்டு அப்படியே ஈரத் தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

அண்ணி ஓடிவந்து பிள்ளையைப் பறித்துக்கொண்டார். “போதும்! ஒண்ணைக் கொன்னது பத்தலையா உனக்கு? இன்னிக்கே இவனைக் கொண்டுபோறேன்!”

வேகமாகச் சொன்னார். ஆனாலும் மெதுவாக்கா “மெதுவா” என்று கையை உயர்த்தவில்லை. எல்லாம் புரிந்துவிட்டது. சத்தம் கேட்டுப் பின்கட்டு வாசலுக்கு வந்திருந்த கணவரைப் பார்த்தாள். அவர் இஸ்திரிப் பெட்டியைக் கீழே வைக்காமல் நின்றபடி, “கொஞ்ச நாள் அக்காகிட்ட இருக்கட்டுமே” என்றார்.

“சரி” என்றாள் மெதுவாக்கா. எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. “மொதல்ல ஆஸ்பத்திரில காட்டிட்டு வந்துடறேன். உடம்புக்கு ஒண்ணும் இல்லன்னு தெரிஞ்சுக்கிட்டு அப்புறம் கூட்டிட்டுப் போங்க, அண்ணி.” பிள்ளையை வாங்கிக்கொண்டாள். தூக்குத்துணி தரையில் கிடந்தது. என்னைத் துணைக்கு அழைத்துக்கொண்டு கையிலேயே தூக்கிக்கொண்டு நடந்தாள். வழியெல்லாம் அவன் மூக்கிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. பள்ளம் மேடு நான்தான் பார்த்து நடத்தினேன்.

அங்கே குழந்தைகள் பிரிவில் வயதான ஒரு நர்ஸ் இருந்தார். பிள்ளையைக் கவிழ்த்து, நிமிர்த்தி, மார்பில் குழல் வைத்துக் கேட்டுவிட்டு, “நல்லா இருக்கான்” என்றார். நடந்ததைச் சொன்னோம். அவர் கோபப்படவில்லை. மேசை மேலிருந்த துண்டை எடுத்து, ஒரு பொம்மையை வைத்துக் கட்டிக் காட்டினார்.

“பிள்ளை முகம் எப்பவும் உங்க கண்ணுக்குத் தெரியணும். குனிஞ்சா உச்சியில முத்தம் குடுக்கிற உயரத்துல இருக்கணும், அதுக்குக் கீழ இறங்கக் கூடாது. மோவாய்க்கும் நெஞ்சுக்கும் நடுவுல ரெண்டு விரல் போகணும். முதுகு நிமிந்து இருக்கணும். கால் தொங்கக் கூடாது, தவளை மாதிரி முட்டி மேல நிக்கணும். இழுத்தா நீளுற துணி வேண்டாம்மா, அதுவும் குனிஞ்சு நிமிர்ற வேலைக்கு. அப்புறம், இதுல இருக்கான்னு நீங்க பாட்டுக்கு இருந்துடாதீங்க. தூங்க வைக்கிறப்ப எடுத்துத் தனியா மல்லாக்கப் படுக்க வைங்க.”

மெதுவாகத்தான் சொன்னார். சொல்லச் சொல்ல மெதுவாக்கா தன் விரலைப் பிள்ளையின் மோவாய்க்குக் கீழே வைத்துப் பார்த்துக்கொண்டாள். “காது கேட்டிருந்தா இந்தத் துணியே எனக்கு வேண்டியிருக்காது. மூத்ததும் இருந்திருக்கும்” என்றாள்.

நர்ஸ் அவளை உற்றுப் பார்த்தார். “நீங்க சலவைக்கடைக்காரங்கதானே? அன்னிக்கு நானும் இங்கதான் இருந்தேன். டாக்டர் சொன்னது உங்களுக்குத் தெரியாதா?”

“என்ன சொன்னாரு?”

“அந்தப் பிள்ளைக்குத் தூக்கத்துலயே மூச்சு நின்னுடுச்சும்மா. சில பிள்ளைங்களுக்கு அப்படி ஆயிடும், ஏன்னு முழுசா யாருக்கும் தெரியாது. அழாது. இருமாது. சத்தமே வராது. பக்கத்துலயே படுத்திருந்த தாய்க்குக்கூடத் தெரியாமப் போயிருக்கு. காது கேக்காததுனால இது நடக்கல, வீட்டுல அவங்களைக் குத்தம் சொல்லாதீங்கன்னு டாக்டர் உங்க வீட்டுக்காரர்கிட்ட அவ்வளவு தூரம் சொன்னாரே.”

மெதுவாக்கா என் பக்கம் திரும்பினாள். “அக்கா, இவங்க சொன்னதை நீ ஒரு தரம் சொல்லு. நான் தப்பாப் படிச்சிருக்கலாம்.”

நான் சொன்னேன். ஒவ்வொரு சொல்லாக. அவள் என் வாயைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். முடிந்ததும் இன்னொரு தரம் சொல்லச் சொன்னாள். அழுகிறாளோ என்று பார்த்தால் இல்லை. பிள்ளையைத் தோளில் மாற்றிப் போட்டுக்கொண்டு எழுந்தாள்.

கடைக்குத் திரும்பியபோது அண்ணி பிள்ளையின் துணிகளைப் பையில் அடுக்கி முடித்திருந்தார். மெதுவாக்கா நேராகக் கணவரின் மேசைக்கு முன்னால் போய் நின்றாள்.

“அன்னிக்கு டாக்டர் என்ன சொன்னாரு?”

அவர் பெட்டியை நகர்த்தினார். அவள் மேசைமேலிருந்த சட்டையை இழுத்துக் கீழே போட்டாள்.

“சத்தமே வந்திருக்காதுன்னு சொன்னாரா இல்லையா?”

“சொன்னாரு.”

“எங்கிட்ட ஏன் சொல்லல?”

“சொல்லி என்ன ஆகப்போகுது? போனது திரும்பவா போகுது?”

“எல்லாரும் என்னைச் சொன்னாங்களே. இந்த அறையில உக்காந்துக்கிட்டு ஒவ்வொருத்தரா. நீங்களும் பாத்துக்கிட்டுத்தானே நின்னீங்க?” அவள் குரல் தெருவுக்கே கேட்டது. எதிர்ப்பக்கம் பஸ்ஸுக்கு நின்றவர்கள் திரும்பினார்கள். “ஒண்ணு கேக்கறேன். அன்னிக்கு இந்த மேசையில நான் நின்னேன். அந்த மேசையில யாரு நின்னா? உங்களுக்குக் காது நல்லாத்தானே கேக்கும்?”

எனக்கே அப்போதுதான் உறைத்தது. அத்தனை பேர் அந்த வீட்டுக்கு வந்துபோனோம். தடுப்புக்கு இந்தப் பக்கம் காது கேட்கிற ஒரு ஆள் நின்றிருந்தாரே என்று ஒருவருக்கும் தோன்றவில்லை. கேட்காத காது ஒன்று கைக்கெட்டின இடத்தில் இருந்தது. பழியை அதன் மேல் மாட்டிவிட்டுப் போய்விட்டோம்.

“என்னையும் கேப்பாங்கன்னு பயந்தேன்” என்றார் அவர் கடைசியில். “நீ எங்கடா இருந்தேன்னு யாராவது கேட்டா என்ன சொல்றதுன்னு பயந்தேன். யாரும் கேக்கல. அப்படியே விட்டுட்டேன்.”

அண்ணி பைக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார். தம்பியையே பார்த்துக்கொண்டிருந்தார். “எனக்குக்கூடச் சொல்லலையேடா” என்றார். பிறகு பையைத் திறந்து, அடுக்கின துணிகளை ஒவ்வொன்றாக வெளியே எடுத்து வைத்தார். கடைசிச் சட்டையைக் கையில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் இருந்தார். அதையும் வைத்துவிட்டு வெறும் பையோடு போனார். மன்னிப்பு ஒன்றும் கேட்கவில்லை. அதன் பிறகு அவர் அந்தக் கடைக்கு வந்து நான் பார்க்கவில்லை.

கணவர் சில வாரம் இருந்தார். மெதுவாக்கா சண்டை போடவில்லை, சோறு போட்டாள், துணி மடித்துக் கொடுத்தாள். ஆனால் ஒருவர் பேசினால் அவர் முகத்தைப் பார்க்கத்தானே வேண்டும் அவளுக்கு? அந்தப் பார்வையை அவரால் தாங்க முடியவில்லை. “மூஞ்சியையே பாக்காத” என்றார் ஒரு நாள். அவள் தலையைக் குனிந்துகொண்டாள். அதற்கப்புறம் அவர் சொன்னது எதுவும் அவளுக்குப் போய்ச் சேரவில்லை. ஒரு காலையில் தன் இஸ்திரிப் பெட்டியை எடுத்துக்கொண்டு அக்கா வீட்டுப் பக்கம் போய்விட்டார். அங்கே தனியாகக் கடை போட்டிருப்பதாகப் பிறகு கேள்விப்பட்டோம்.

அவர் போன அன்றே அவள் என் கடைக்கு வந்து பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். “எனக்கு ஒரு தூக்குத்துணி தைச்சுக் குடுக்கா. இந்தத் தடவை நானே துணி பாக்கறேன்.”

தைக்கத் தெரிந்தவள் நான். ஆனால் எந்தத் துணி எத்தனை துவைப்புக்குத் தாங்கும், எது நனைந்தால் நீளும், எது சுருங்கும் என்பது அவளுக்குத்தான் விரல்நுனியில். என்னிடமிருந்த பாலியஸ்டரை இரண்டாக மடித்துத் தேய்த்துப் பார்த்து, “வழுக்குது. வளையத்துல நிக்காது” என்று தள்ளினாள். ஜீன்ஸ் துணி பலமாக இருக்குமே என்றேன். அரை நாள் கட்டிப் பார்த்தாள். அந்த வெக்கையில் பிள்ளைக்கு முதுகெல்லாம் வேர்க்குரு. படுக்கை விரிப்புத் துணி குறுக்கே இழுத்தால் சரியாக நின்றது. மூலைவாட்டில் இழுத்தால் பொதபொதவென்று கொடுத்தது. கடைசியில் சாய்வாக வரி ஓடுகிற நெசவில் ஒரு பருத்தித் துணி அகப்பட்டது. மூலைவாட்டில் கொஞ்சம் கொடுத்தது, விட்டதும் பழைய இடத்துக்கு வந்தது. அதை வெந்நீரில் அலசி, காயப்போட்டு, மறுபடி அலசி, சுருங்க வேண்டியதெல்லாம் சுருங்கி முடிந்த பிறகுதான் என்னிடம் கத்தரிக்கோலை எடுக்க விட்டாள்.

வளையத்துக்குத் திரைச்சீலைக் கடைக்குப் போனோம். ஒட்டுப்போட்ட வளையங்களை விரலால் தடவிப் பார்த்து ஒதுக்கினாள். “ஒட்டு இருக்கிற இடத்துல துணி கிழியும். பாரம் தாங்காம விரியும்.” குதிரைச் சேணம், தோல் பட்டை விற்கிற கடையில் ஒட்டில்லாத வளையம் கிடைத்தது. நான் மடிப்பில் மூன்று வரிசை அடித்தேன். அப்போதும் அவளுக்குத் திருப்தி இல்லை. பிள்ளை எடையைப்போல இரண்டு மடங்கு சோப்புத்தூள் மூட்டையை அதில் வைத்துத் தோளில் மாட்டிக்கொண்டு, குனிந்தாள், நிமிர்ந்தாள், குதித்தாள், என் கடை வாசலில் அங்குமிங்கும் ஓடினாள். போகிறவர்கள் பைத்தியமா என்று பார்த்தார்கள். வளையம் நகரவில்லை. தையல் ஒரு இழை விடவில்லை. அதன் பிறகுதான் அவனை வைத்தாள். மோவாய்க்குக் கீழே இரண்டு விரலை நுழைத்துப் பார்த்தாள்.

அன்று முதல் அவனும் அவளும் ஒரே உடம்பு. அவன் தன் மேலிருக்கும்போது இஸ்திரிப் பெட்டியைத் தொடமாட்டாள். தேய்க்கிற வேலையைக் குறைத்துவிட்டுத் துவைப்பதையும் மடிப்பதையும் மட்டும் வைத்துக்கொண்டாள். வருமானம் பாதியாகப் போனது. கழுத்து நின்று, தானாக உட்காரத் தொடங்கியதும் அவனை முதுகுக்கு மாற்றினாள். முதுகில் இருந்தால் முகம் தெரியாதே என்று தொட்டிக்கு மேலே சுவரில் ஒரு கண்ணாடி மாட்டினாள். அழுகை, சிரிப்பு, இருமல், எல்லாம் அவளுக்கு முதுகெலும்பு வழியாக வந்தது. “இப்ப பேசிட்டு இருக்கான்” என்பாள். எட்டிப் பார்த்தால் உண்மையிலேயே அவன் வாய்க்குள் ஏதோ மழலை உருட்டிக்கொண்டிருப்பான். “என்ன பேசறான்னுதான் தெரியல. முதுகுல வாய் படிக்க நான் இன்னும் கத்துக்கல” என்று சிரித்தாள். அந்த வருஷத்தில் அவள் சிரித்து நான் பார்த்தது அவ்வளவுதான்.

நடந்ததை நடந்தபடியே சொல்வதானால் அடுத்ததையும் சொல்ல வேண்டும். அவள் அவனை இறக்கவில்லை. மற்ற பிள்ளைகள் தவழ்ந்து, பிடித்து நின்று, தத்தித்தத்தி நடந்தபோதும் அவன் துணிக்குள்தான் இருந்தான். கால் துணிக்கு வெளியே நீண்டு அவள் தொடையில் இடித்தது. இறங்க வேண்டும் என்று உதைத்தான். முடியைப் பிடித்து இழுத்தான். அவள் வளையத்தை இன்னும் இறுக்கினாள். தூங்கும்போது மட்டும் மல்லாக்கப் படுக்க வைத்துவிட்டு, வயிற்றில் உள்ளங்கையை வைத்துக்கொண்டு பக்கத்திலேயே கிடந்தாள். அந்த நேரத்தில் கடை மூடிக் கிடக்கும். வாடிக்கை கழன்றுகொண்டே போனது.

அவள் இடுப்பு முதலில் விட்டுக்கொடுத்தது. ஒரு நாள் ஈரப் போர்வையைத் தூக்கி நிமிர்ந்தவள் அப்படியே வளைந்து நின்றுவிட்டாள். பிள்ளை முதுகில், போர்வை கையில். நான் போய்த்தான் இரண்டையும் வாங்கினேன். ஆஸ்பத்திரியில், முதுகெலும்புக்கு நடுவே இருக்கும் டிஸ்க் நழுவிவிட்டது என்றார்கள். அந்த வயதான நர்ஸ் பிள்ளையைத் தரையில் நிறுத்திப் பார்த்தார். நின்றான், ஒரு அடி வைக்கத் தெரியவில்லை, உட்கார்ந்துவிட்டான்.

“இவனுக்குக் காலுக்கு ஒண்ணும் இல்லம்மா. தரையே காட்டலை நீங்க. பேச்சும் பின்தங்கியிருக்கு. உங்க முதுகை மட்டும் பாத்துக்கிட்டிருந்தா இவன் எப்படிப் பேச்சு கத்துப்பான்?”

மெதுவாக்கா தலை நிமிரவே இல்லை. வீட்டுக்கு வந்ததும் நான்தான் ஆரம்பித்தேன். “இறக்கிவிடு. நான் சுவருக்கு அந்தப் பக்கம்தானே இருக்கேன். எனக்குக் காது கேக்கும்.”

“அவருக்கும் கேட்டுச்சு” என்றாள்.

அவளே வெகுநேரம் கழித்து, வளையத்தைத் தளர்த்தி, அவனைத் தரையில் விட்டாள். அவன் கொடிக்கம்பத்தைப் பிடித்துக்கொண்டு நின்றான். அவள் தொட்டியோரம் உட்கார்ந்து துணியை அலசினாள். ஒவ்வொரு துணிக்கும் ஒரு தடவை திரும்பிப் பார்த்தாள். அப்படி அவள் திரும்பித் திரும்பிப் பார்த்த அந்த மாதத்தில் கழுத்துச் சுளுக்கு வேறு வந்து சேர்ந்தது. அவன் நடந்தான், விழுந்தான், நெற்றியில் ஒரு காயம். அவள் பார்க்காத நேரத்தில் அழுதான். அழுதது தெரியாமல் அவள் துணி பிழிந்துகொண்டிருந்தாள். நான் ஓடிப்போய்த் தோளைத் தொட்டபோது அவள் பார்த்த பார்வையை இங்கே எழுத முடியாது. ஆனாலும் மறுநாள் அவனை மறுபடி கட்டவில்லை.

அழுதால் அம்மா வரமாட்டாள் என்பதை அவன் சீக்கிரம் கற்றுக்கொண்டான். வேண்டுமானால் நடந்து வந்து புடவையை இழுப்பான். பேச்சு வந்த பிறகு, இரண்டு கையாலும் அவள் மோவாயைப் பிடித்துத் தன் பக்கம் திருப்பிவிட்டுத்தான் பேசுவான். தெருவில் மற்றவர்களிடமும் அப்படியே செய்வான். சிலர் செல்லமாகச் சிரித்தார்கள். சிலர் பிள்ளையும் ஒரு மாதிரி என்றார்கள். அதையும் அவள் படித்திருப்பாள்.

போன வருஷம் கணவர் வந்தார். தலை நரைத்திருந்தது. கடை வாசலில், உள்ளே வரலாமா என்று தெரியாதவர்போல நின்றார். மெதுவாக்கா முதுகைக் காட்டிக்கொண்டு அலமாரியில் துணி அடுக்கிக்கொண்டிருந்தாள். இடுப்புப் பட்டை போட்டிருந்ததால் முன்னைப்போலச் சட்டென்று திரும்ப முடியாது. பையன் அவளிடம் போய் மோவாயைப் பிடித்துத் திருப்பி, “அம்மா, யாரோ வந்திருக்காங்க” என்றான்.

அவள் பார்த்தாள். ஒரு முக்காலியை இழுத்துப் போட்டாள். அவர் உட்காரவில்லை. பிள்ளையைப் பார்த்தார், தரையைப் பார்த்தார். அவள் நேராக நின்று அவர் முகத்தைப் பார்த்தபடி, “சொல்லுங்க. பாத்துக்கிட்டுத்தான் இருக்கேன்” என்றாள்.

அவர் வாய் அசைந்தது. குரல் எனக்குக் கேட்கவில்லை, அவ்வளவு தணிவாகப் பேசினார். அவள் படித்துக்கொண்டாள். தலையை ஒரு தரம் அசைத்தாள். அவர் பிள்ளையின் தலையில் கை வைக்கப் போனார்; அவன் ஒதுங்கிக்கொண்டான். போய்விட்டார்.

நான் போய், என்ன சொன்னார் என்று கேட்டேன்.

“பையன் நல்லா வளந்திருக்கான்னாரு” என்றாள்.

“வேற ஒண்ணும் சொல்லலையா?”

“இல்ல.” முக்காலியை எடுத்து ஓரமாக வைத்தாள். “வேற ஏதாவது சொல்வாருன்னு கொஞ்ச நேரம் வாயையே பாத்துக்கிட்டிருந்தேன்.”

வெளியே மேகம் கூடியிருந்தது. கொடியில் போட்ட துணியை எடுக்க இருவரும் பின்கட்டுக்குப் போனோம்.